செல்லின் எல்லை: சவ்வையும் சுவரையும் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

பள்ளியில் முதன்முதலாக வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, செங்கல் அடுக்கியதுபோல் வரிசையாகக் கட்டங்கள் தெரிந்தன. கட்டத்தின் ஓரக் கோட்டுக்கு அம்புக்குறி போட்டு 'செல் சவ்வு' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினேன். சிவப்பு மையில் அடித்துத் திரும்பி வந்தது. ஏன் தவறு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கோடு சவ்வு இல்லை, சுவர். சவ்வு அதே இடத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. இது புரியப் பல வருடம் ஆயிற்று.

அந்த அடித்தலில் இருந்தே தொடங்குகிறேன். படித்துக்கொண்டு வரும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருங்கள்: எது உள்ளே போகிறது? எந்த வழியாகப் போகிறது? அதற்கான செலவு யாருடையது? பாடப் புத்தகத்தில் இந்தத் தலைப்பின்கீழ் வரும் நீளமான பெயர்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுக்கான பதில்தான். பெயரை மனப்பாடம் செய்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: கோட்டையும் சவ்வையும் பிரித்துப் பாருங்கள்

எல்லா உயிருள்ள செல்லுக்கும் சவ்வு உண்டு. சுவர் எல்லாவற்றுக்கும் கிடையாது. தாவரம், பூஞ்சை, பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு உண்டு. விலங்குச் செல்லுக்கு இல்லை. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தாரே, அது வெறும் சுவர்தான். உள்ளே இருந்த உயிர் எப்போதோ போய்விட்டது. காலி வீட்டைப் பார்த்துத்தான் குடியிருப்புக்குப் பெயர் வந்தது.

சவ்வை நேரில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஊதா நிற வெங்காயம் ஒன்றை எடுத்து, நிறம் உள்ள வெளிப்புறத் தோலை மெல்லியதாக உரியுங்கள். உள்பக்கத் தோலில் நிறம் இருக்காது, அது இந்தச் சோதனைக்கு உதவாது. ஒரு சொட்டு நீரில் வைத்து, மேலே கவர் கண்ணாடி போட்டு, முதலில் அப்படியே பாருங்கள். கட்டம் முழுக்க ஊதா நிறம் நிரம்பியிருக்கும். இப்போது 100 மில்லி நீரில் 5 கிராம் உப்பு கரைத்த கரைசலில் ஒரு சொட்டைக் கண்ணாடியின் ஒரு ஓரத்தில் விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து உறிஞ்ச விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் நிறம் ஓரங்களில் இருந்து விலகி நடுவில் சுருளும். கட்டம் கட்டமாகவே இருக்கும். சுருங்கிய ஊதாத் திட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ, சவ்வு அங்கே இருக்கிறது. இதற்குப் பெயர் பிளாஸ்மா சிதைவு.

சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் என்ன இருக்கிறது? தேர்வில் மிகவும் பிடித்தமான கேள்வி இது. வெற்றிடம் என்று எழுதுபவர்கள் அதிகம். அங்கே இருப்பது நீங்கள் விட்ட உப்புநீர். சுவர் உப்பையும் நீரையும் தடுக்கவே இல்லை, சவ்வுதான் உப்பை நிறுத்தியது. இந்த ஒரு பதில் புரிந்துவிட்டால் மீதிப் பாதி சுலபம். சுவர் தாங்கும், சவ்வு தேர்ந்தெடுக்கும்.

கூர்ந்து பார்த்தால், நல்ல லென்சில், சுருங்கிய சவ்வில் இருந்து சுவர் வரை நூல் நூலாகச் சில இழைகள் நீண்டிருப்பதும் தெரியலாம். ஹெக்ட் இழைகள் என்று இவற்றைச் சொல்வார்கள். 1912-இல் இவற்றை விவரித்தவரின் பெயர் அது. சவ்வு சும்மா சுவரோரம் கிடக்கவில்லை, சில இடங்களில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அவை அடையாளம்.

படி 2: சவ்வு எதனால் ஆனது என்று பாருங்கள்

அடிப்படைப் பொருள் பாஸ்போலிப்பிடு என்ற ஒரு வகைக் கொழுப்பு. ஒரு தலை, இரண்டு வால். தலைக்கு நீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. இப்படிப்பட்ட மூலக்கூறுகளை நீரில் விட்டால், வால்கள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே ஒளிந்துகொள்ளும். தலைகள் இரண்டு பக்கமும் நீரைப் பார்த்து நிற்கும். யாரும் கட்டத் தேவையில்லாமல் இரண்டு அடுக்கு தானாக உருவாகிவிடுகிறது. ஓரம் என்று ஒன்று இருந்தால் அங்கே வால்கள் நீரில் படும் என்பதால், அடுக்கு வளைந்து மூடிக்கொண்டு பந்தாகவும் ஆகிவிடும். நுண்ணிய ஊசியால் குத்தினால் துளை தானாக மூடிக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

இது இரண்டு அடுக்கு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1925-இல் கோர்ட்டர், கிரெண்டெல் என்ற இரண்டு டச்சு ஆய்வாளர்கள் ரத்தச் சிவப்பணுக்களில் இருந்து கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பின்மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, பரப்பளவை அளந்தார்கள். அணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் சவ்வில் இரண்டு அடுக்கு. முடிவு சரி. ஆனால் வழியில் இரண்டு பிழைகள் இருந்தன. கொழுப்பு முழுவதும் பிரிந்து வரவில்லை. அணுவின் பரப்பளவையும் குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள். ஒரு பிழையை இன்னொன்று ஈடுகட்டிவிட்டது.

தடிமன் எவ்வளவு? ஏறத்தாழ 5 முதல் 10 நானோமீட்டர். எண்ணாகச் சொன்னால் மனதில் ஒட்டாது. 10 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு செல்லை 10 மீட்டர் அகலக் கூடமாகப் பெரிதாக்கினால், அதன் சவ்வு 8 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். பத்து மீட்டர் கூடத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை தடிமனில் சுவர். சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பில் சவ்வு தனியாகத் தெரியாததும் இதனால்தான்.

படி 3: அது திடப்பொருள் என்ற எண்ணத்தை விடுங்கள்

பாடப்படத்தில் தலைகள் வரிசையாக, அசையாமல் நிற்கும். உண்மையில் அந்த மூலக்கூறுகள் ஓயாமல் இடம் மாறுகின்றன. ஒரு பாஸ்போலிப்பிடு ஒரு நொடியில் சுமார் 2 மைக்ரோமீட்டர் நகர்ந்துவிடும். அதாவது ஒரு பாக்டீரியாவின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு. ஆனால் மேல் அடுக்கில் இருந்து கீழ் அடுக்குக்குப் புரள்வது அரிது. தலை நடுவில் உள்ள எண்ணெய்ப் பகுதியைக் கடக்க வேண்டும், அது அதற்கு ஒவ்வாது.

சவ்வில் மிதக்கும் புரதங்களும் நகர்கின்றன. 1970-இல் ஃபிரை, எடிடின் இருவரும் ஒரு எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். எலிப் புரதங்களுக்கு ஒரு நிறம், மனிதப் புரதங்களுக்கு வேறு நிறம். தொடக்கத்தில் பாதிக்குப் பாதி பிரிந்திருந்த நிறங்கள் 37 டிகிரியில் 40 நிமிடத்தில் முழுவதும் கலந்துவிட்டன. குளிரவைத்தபோது கலப்பு நின்றது. இரண்டு வருடம் கழித்து, 1972-இல், சிங்கரும் நிக்கல்சனும் 'திரவ மொசைக்' என்ற மாதிரியை, அதாவது நகரும் கொழுப்பு அடுக்கில் புரதங்கள் மிதக்கின்றன என்பதை, வெளியிட்டார்கள். இன்றும் பாடத்தில் இருப்பது அதுதான்.

கொலஸ்ட்ராலுக்கு வெளியே கெட்ட பெயர். விலங்குச் செல்லின் சவ்வில் அது இல்லாமல் முடியாது. சூட்டில் சவ்வு மிகவும் தளர்ந்துவிடாமலும், குளிரில் உறைந்துவிடாமலும் அது பார்த்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் இல்லாத பாக்டீரியாக்கள் வேறு வழி வைத்திருக்கின்றன. குளிர் வந்தால் வளைந்த வாலுள்ள கொழுப்புகளை அதிகமாகச் செய்துகொள்ளும். வளைந்த வால்கள் நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாது, அதனால் சவ்வு இளக்கமாகவே இருக்கும்.

உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்ஃபாடிடில்செரின் என்ற கொழுப்பு சாதாரணமாக உள் அடுக்கில்தான் இருக்கும். செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும்போது அது வெளி அடுக்கில் தலைகாட்டும். அதைப் பார்த்து விழுங்கும் செல்கள் வந்து அப்புறப்படுத்திவிடும்.

படி 4: எது தானாகப் போகும் என்று வரிசைப்படுத்துங்கள்

புரதம் எதுவும் இல்லாத வெறும் கொழுப்பு அடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கேட்காமலே போய்வரும். நீர் மெதுவாகப் போகும். குளுக்கோஸ் ஏறத்தாழ போகாது. சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னூட்டம் உள்ள அயனிகளுக்குக் கதவு அடைப்புதான்; நீர் போகும் வேகத்தோடு ஒப்பிட்டால் சுமார் 100 கோடி மடங்கு குறைவு.

அளவு சிறியதாக இருந்தால் போகும் என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. சோடியம் அயனி குளுக்கோஸைவிட மிகச் சிறியது. அப்படியும் அதால் முடியாது. மின்னூட்டம் இருக்கிறதா, எண்ணெயில் கரையுமா என்பதை முதலில் பாருங்கள், அளவை அப்புறம் பாருங்கள்.

படி 5: கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்

தானாகப் போக முடியாதவற்றுக்குப் புரதங்கள் வழி விடுகின்றன. இவை இரண்டு ரகம். வாய்க்கால் ரகம் திறந்தால் கூட்டம் கூட்டமாகப் பாயும். கடத்தி ரகம் ஒரு மூலக்கூறைப் பிடித்து, தன் வடிவத்தை மாற்றி, அந்தப் பக்கம் விட்டுவிட்டுத் திரும்பும். இரண்டாவது மெதுவானது.

நீருக்கென்று தனி வாய்க்கால் இருக்குமா என்று நீண்ட காலம் சந்தேகம் இருந்தது. பீட்டர் ஏக்ரே ரத்த வகை சார்ந்த வேறு ஒரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, சிவப்பணுவில் இன்னொரு புரதம் ஏராளமாக இருப்பதைக் கண்டார். அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை. 1992-இல் அந்தப் புரதத்தைத் தவளை முட்டைச் செல்களில் உருவாக வைத்தார்கள். தவளை முட்டை வழக்கமாக வெறும் நீரில் அமைதியாகக் கிடக்கும். இவை சில நிமிடங்களில் வீங்கி வெடித்தன. நீருக்கான வாய்க்கால் கிடைத்துவிட்டது, பெயர் அக்வாபோரின். ஒரு அக்வாபோரின் வழியாக நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகின்றன.

பொட்டாசியம் வாய்க்கால் இதைவிட விசித்திரமானது. பொட்டாசியம் அயனியைவிட சோடியம் அயனி சிறியது. ஆனால் இந்த வாய்க்கால் பெரியதை விடுகிறது, சிறியதை நிறுத்துகிறது. ஒரு சோடியத்துக்குப் பத்தாயிரம் பொட்டாசியம் என்ற விகிதத்தில், அதுவும் நொடிக்குப் பத்துக் கோடி வரை என்ற வேகத்தில். சல்லடையால் இது முடியாது. 1998-இல் ரோடரிக் மெக்கினன் அந்தப் புரதத்தின் வடிவத்தை எக்ஸ் கதிரால் கண்டபோது விடை கிடைத்தது. அயனிகள் நீரில் தனியாக இருப்பதில்லை, நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்திருக்கும். குறுகிய வாய்க்காலில் நுழைய வேண்டுமானால் அந்தப் பிடியை விட்டுவர வேண்டும். வாய்க்காலின் உள்சுவரில் ஆக்சிஜன் அணுக்கள், நீர் பிடித்திருந்த அதே தூரத்தில் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்ளும்படி அமைந்திருக்கின்றன. பொட்டாசியத்துக்கு நஷ்டமில்லை. சோடியம் சிறியது என்பதால் அந்த அணுக்கள் அதற்கு எட்டாது. நீரை விட்டுவந்தால் நஷ்டம். அதனால் வெளியிலேயே நின்றுவிடுகிறது. 2003-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் ஏக்ரேக்கும் மெக்கினனுக்கும் போனது.

படி 6: செலவுக் கணக்கைப் பாருங்கள்

இதுவரை பார்த்த போக்குவரத்து எல்லாம் சரிவில் உருள்வது மாதிரி. அதிகம் உள்ள பக்கத்தில் இருந்து குறைவான பக்கத்துக்குப் போகும், செல்லுக்குச் செலவில்லை. எதிர்த்திசையில் தள்ள வேண்டுமானால் ஏடிபி, அதாவது செல்லின் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு, செலவாகும். இதில் முக்கியமானது சோடியம்–பொட்டாசியம் பம்ப். ஜென்ஸ் ஸ்கூ 1957-இல் நண்டின் நரம்பில் இதைக் கண்டார். நோபல் கிடைக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு ஏடிபிக்கு மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஏடிபியில் ஏறத்தாழ கால்வாசி இந்த ஒரு வேலைக்கே போகிறது.

அவ்வளவு செலவு எதற்கு? முதல் காரணம் மின்சாரம். நரம்புச் செல்லின் சவ்வுக்கு உள்ளும் வெளியும் சுமார் 70 மில்லிவோல்ட் வேறுபாடு இருக்கும். மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் அது 7 நானோமீட்டர் தடிமனுக்குள் இருக்கிறது. கணக்குப் போட்டால் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட். காற்றில் பொறி பறக்க மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் போதும். உங்கள் ஒவ்வொரு நரம்புச் செல்லும் இதை உடையாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது காரணம், வெளியே குவித்த சோடியம் சேமிப்பு மாதிரி. அது உள்ளே திரும்பி வரும்போது வேறொன்றையும் கூட இழுத்து வரலாம். குடலின் செல்களில் உள்ள ஒரு கடத்தி இரண்டு சோடியத்தோடு ஒரு குளுக்கோஸைச் சேர்த்து உள்ளே கொண்டுபோகிறது. பின்னாலேயே நீரும் போகும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. காலரா வந்தால் உடம்பு ஏன் நீரை இழக்கிறது? காலராக் கிருமி ஒரு நச்சை வெளியிடுகிறது. அதை 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே நிரூபித்தார். அந்த நச்சு, குடல் செல்லின் சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாய்க்காலை மூட விடாமல் செய்கிறது. குளோரைடு வெளியே கொட்டும், பின்னால் சோடியமும் நீரும் கொட்டும். ஆனால் சோடியம்–குளுக்கோஸ் கடத்தியை அந்த நச்சு தொடுவதில்லை. அதனால் உப்பையும் குளுக்கோஸையும் சரியான அளவில் கலந்து குடித்தால், இன்னொரு கதவு வழியாக நீரை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். ஓஆர்எஸ் என்ற உப்பு–சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது இப்படித்தான். 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75 மில்லிமோல். குளுக்கோஸைக் கண்டபடி கூட்டினால் கரைசல் அடர்ந்துபோய், நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். அளவு சும்மா சொன்னதில்லை.

அதே சிஎஃப்டிஆர் பிறவியிலேயே பழுதாக இருந்தால் வருவது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். கதவு திறந்தே கிடந்தால் ஒரு நோய், திறக்காவிட்டால் இன்னொரு நோய்.

படி 7: சவ்வை உடைத்துப் பாருங்கள்

பீட்ரூட்டை ஒரே அளவு துண்டுகளாக வெட்டி, வழியும் நிறம் நிற்கும்வரை நன்றாக அலசுங்கள். வெட்டும்போது உடைந்த செல்களின் நிறம் அது. இந்தப் படியை விட்டால் சோதனையே பாழ். பிறகு ஒரு துண்டை அறை வெப்ப நீரிலும் இன்னொன்றை 70 டிகிரி நீரிலும் கால் மணி நேரம் வையுங்கள். முதல் நீர் ஏறத்தாழ தெளிவாக இருக்கும். இரண்டாவது சிவந்துவிடும். நிறம் இருப்பது செல்லுக்கு நடுவே உள்ள வாக்குவோல் பையில். வெளியே வர அந்தப் பையின் சவ்வையும் செல்லின் சவ்வையும் தாண்ட வேண்டும். சூட்டில் இரண்டும் போய்விட்டன. செல் சுவர் அப்படியே இருந்தும் நிறத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முட்டையை வினிகரில் ஊறவைத்து ஓட்டைக் கரைத்துச் செய்யும் சோதனையை நிறையப் பேர் செல் சவ்வுக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். சவ்வூடு பரவலை, அதாவது சவ்வு வழியாக நீர் அடர்ந்த கரைசலை நோக்கிப் போவதைக் காட்ட அது நல்லதுதான். ஆனால் அங்கே மிஞ்சுவது ஓட்டின் உள்ளே இருக்கும் புரத நார்ப் படலம், செல் சவ்வு இல்லை.

படி 8: இப்போது சுவருக்கு வாருங்கள்

சிவப்பணுவை வெறும் நீரில் போட்டால் நீர் உள்ளே புகுந்து வெடித்துவிடும். ரத்தத்தில் ஏற்றும் சலைனில் 0.9% உப்பு இருப்பது இதைத் தவிர்க்கத்தான். தாவரச் செல் வெடிக்காது. நீர் புகப் புகச் சவ்வு சுவரை அழுத்தும், சுவர் திருப்பி அழுத்தும். அந்த விறைப்பு அழுத்தம் கார் டயரில் உள்ளதைவிட அதிகமாகவே இருக்கும். மரக்கட்டை இல்லாத இளந்தண்டு நிமிர்ந்து நிற்பது அந்த அழுத்தத்தால்தான். நீர் குறைந்தால் வாடித் தொங்கும்.

தாவரச் சுவரின் முக்கியப் பொருள் செல்லுலோஸ். பூஞ்சைக்குக் கைட்டின், நண்டு ஓட்டில் இருக்கும் அதே பொருள். டயட்டம் என்ற பாசிக்குச் சிலிக்கா, ஏறத்தாழ கண்ணாடி வீடு. பாக்டீரியாவுக்குப் பெப்டிடோகிளைக்கான், சர்க்கரை இழைகளைக் குறுக்கே இணைத்துப் பின்னிய வலை; இதைத்தான் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் ஒரு சாயமுறையைக் கண்டுபிடித்தார். சில பாக்டீரியாக்கள் ஊதா நிறத்தைப் பிடித்துக்கொண்டன, சில ஆல்கஹாலில் விட்டுவிட்டன. காரணம் அப்புறம்தான் தெரிந்தது. பிடித்துக்கொண்டவற்றுக்குப் பெப்டிடோகிளைக்கான் சுவர் தடிமனாக இருந்தது. விட்டவற்றுக்கு மெல்லிய சுவர், அதற்கு வெளியே கூடுதலாக இன்னொரு சவ்வு. பல மருந்துகள் உள்ளே நுழைய முடியாமல் நிற்பது இந்த வெளிச் சவ்வில்தான்.

1928-இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் கண்ட பெனிசிலின், பெப்டிடோகிளைக்கான் இழைகளைக் குறுக்கே இணைக்கும் வேலையை நிறுத்துகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியா புதிய சுவரைக் கட்டும்போது இணைப்பு விழாது. உள் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். நம் செல்லுக்குச் சுவரே இல்லை, அதனால் நமக்கு அந்த அடி விழுவதில்லை. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கும் சுவர் இல்லை. அதனிடம் பெனிசிலின் பலிக்காது. நம் கண்ணீரில் உள்ள லைசோசைம், இருக்கும் சுவரையே வெட்டுகிறது.

படி 9: வெளிப்பூச்சையும் விட்டுவிடாதீர்கள்

விலங்குச் செல்லுக்குச் சுவர் இல்லை என்றாலும் மேலே ஒரு சர்க்கரைப் பூச்சு உண்டு. ஏ வகை ரத்தத்துக்கும் பி வகை ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசம், அந்தப் பூச்சின் நுனியில் உள்ள ஒரே ஒரு சர்க்கரை. ஓ வகையில் அந்த நுனிச் சர்க்கரை இல்லை. மாற்றி ஏற்றினால் உயிருக்கு ஆபத்து.

சில வைரஸ்கள் தாங்கள் குடியிருந்த செல்லின் சவ்வையே போர்வையாக எடுத்துக்கொண்டு வெளியேறும். சோப்பு மூலக்கூறுக்கும் நீர் விரும்பும் தலை, வெறுக்கும் வால். அது போர்வைக்குள் புகுந்து பிரித்துவிடும். கொரோனா வைரஸ் சோப்பில் சிதைவது அதனால். போலியோ வைரஸுக்குப் போர்வை இல்லை. அதைச் சோப்பு சிதைக்காது, கையில் இருந்து கழுவித் தள்ளத்தான் உதவும்.

படி 10: கடைசியாக, வெங்காயத் தோலுக்குத் திரும்புங்கள்

முதல் படியில் சுருங்கவிட்ட செல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உப்புநீரை வடிதாளால் உறிஞ்சி எடுத்துவிட்டு, வெறும் நீரை அதே ஓரத்தில் விடுங்கள். சரியாகச் செய்திருந்தால் ஊதாத் திட்டு மெல்ல விரிந்து, மறுபடி சுவரைத் தொடும். விரிந்த செல் உயிரோடு இருக்கிறது. சில கட்டங்களில் திட்டு விரியாமல், நிறம் மட்டும் மங்கிக் கலைந்துபோகும். அங்கே சவ்வு கிழிந்துவிட்டது. கட்டம் மட்டும் முன்பு இருந்தமாதிரியே கோணாமல் நிற்கும். பாதிக்கு மேல் கட்டங்கள் அப்படி ஆனால் உப்பு அதிகம் என்று அர்த்தம். 5 கிராமை 3 கிராமாகக் குறைத்து, புதிதாக ஒரு தோலை உரித்து மறுபடி தொடங்குங்கள்.